புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியா?

எஃப்.ஐ.ஆர் நகல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? யார் மேல் கேஸ், என்ன செக்‌ஷன்... நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது இரண்டு பெயர்களைத் தேடுகிறேன். புகார் கொடுத்தவர் யார்? விசாரிக்கப்போகிறவர் யார்?

இரண்டும் ஒருவரே என்றால் என்ன ஆகும் என்பதற்கு, மோகன் லால் வழக்கு நல்ல உதாரணம். 1997-ல் பஞ்சாபில் ரோந்து போன சப்-இன்ஸ்பெக்டர், அவரிடம் 4 கிலோ அபின் பிடித்ததாகச் சொன்னார். சோதனை போட்டது அவர், புகார் அவருடையது, விசாரணையும் அவரே! பிடித்த அபினை ஸ்டேஷனில் ஒப்படைக்காமல் தன் வாடகை வீட்டில் வைத்திருந்தார். ஆனாலும் 10 ஆண்டு தண்டனை விழுந்தது.

2018-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. புகார்தாரரும் விசாரணை அதிகாரியும் ஒருவராக இருக்கவே கூடாது என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. அப்பாடா என்று பலர் மூச்சுவிட்டார்கள். ஆனால், 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. ஒரே ஆள் என்பதற்காக மட்டும் விடுதலை கிடையாது, ஒவ்வொரு வழக்காகத்தான் பார்க்க வேண்டும் என்றது. அதிகாரி பாரபட்சமாக நடந்தார் என்று காட்டும் வேலை, மாட்டிக்கொண்டவர் தலையில். ஸ்டேஷன்களில் ஆள் பற்றாக்குறை என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

காரணம், அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் சாத்தான்குளம் நடந்தது. ஜெயராஜ், பென்னிக்ஸ் மீதான எஃப்.ஐ.ஆரில் புகார் சொன்னது போலீஸ். எழுதியதும் அதே ஸ்டேஷன். இருவரும் தரையில் உருண்டதால் காயம் என்று அதில் இருந்தது. அந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஸ்டேஷனையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் ஒப்படைத்தது. ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சாட்சி சொன்னார். அதன் பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

சரி, இன்ஸ்பெக்டர் உங்கள் எதிர்த்தரப்புக்கு மச்சான் என்று வைத்துக்கொள்வோம். தனக்குத் தொடர்புள்ள வழக்கை நீதிபதி விசாரிக்கக் கூடாது என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. விசாரணை அதிகாரிக்கு அப்படி ஒரு பிரிவு அதில் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும். பாலியல் குற்றம் போன்றவை தவிர, மற்ற எஃப்.ஐ.ஆர்களை போலீஸ் இணையதளத்திலேயே பார்க்கலாம். உறவோ பகையோ இருந்தால், அதற்கான ஆதாரத்தோடு எஸ்.பி-க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, அதிகாரியை மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், தேதியோடு.