கலகமா, புரட்சியா? கேள்வி கேட்க பழகுவார்களா மாணவர்கள்?

வேலூர்:-

வேலூர் புரட்சி எப்போது நடந்தது என்று 10-ம் வகுப்பு மாணவரை கேட்டால், '1806-ம் ஆண்டு ஜூலை 10' என்று டாண் என பதில் வரும். காரணங்கள் கேட்டால் ஐந்து பாயிண்ட் ஒப்பிப்பார். 'இதை ஆங்கிலேயர்கள் மட்டும் ஏன் கலகம் என்றார்கள்?' என்று கேட்டால்தான் திருதிருவென முழிப்பார். அந்த கேள்வி பெரும்பாலும் வகுப்பில் வருவதே இல்லை.

ஒரே இரவு, பல கதை

நடந்தது என்ன? புதிய தலைப்பாகையில் தோல் சின்னம் வைக்கப்பட்டது. நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. கொதித்துப்போன சிப்பாய்கள் நள்ளிரவு தாண்டியதும் துப்பாக்கி தூக்கினார்கள். கோட்டையில் திப்பு சுல்தானின் கொடி பறந்தது. 100-க்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் செத்தார்கள். காலையில் ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி படையுடன் வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

சிப்பாய்க்கு இது மானப்பிரச்சினை. கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளுக்கு, போன ராஜ்ஜியம் திரும்புமா என்ற ஆசை. கணவரை பறிகொடுத்து, குழந்தைகளோடு உயிர் தப்பிய கோட்டை தளபதியின் மனைவிக்கு அது மரண பயம். அந்த இரவை அவர் எழுதியும் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளி வெள்ளைக்காரனையும் விடவில்லை என்பதும் நடந்த கதைதான்.

எழுதியது யார்?

இன்று கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி ஆங்கிலேயர் எழுதி வைத்தது. சிப்பாய்களின் பேச்சு விசாரணை வாக்குமூலமாகத்தான் இருக்கிறது. தலை தப்புமா என்ற பயத்தில் சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இப்படி யோசிப்பதுதான் சமூக அறிவியல்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. மனப்பாடத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று 2005-ம் ஆண்டின் தேசிய கலைத்திட்டமே சொன்னது. ஆனால் பரீட்சை தாளில் ஆண்டுக்கும் பாயிண்டுக்கும்தான் மார்க் என்றால், வாத்தியார் என்ன செய்வார்? போர்ஷனை முடிக்கத்தான் ஓடுவார்.

நஷ்டம் யாருக்கு?

'இதை சொன்னது யாரு? அவருக்கு இதுல என்ன லாபம்? எதிர்தரப்பு என்ன சொல்லுது?' இந்த மூன்று கேள்வியை வகுப்பில் பழகாத பிள்ளை, நாளைக்கு செல்போனில் வரும் வதந்தியை அப்படியே நாலு பேருக்கு தள்ளிவிடும். சாதி சண்டைக்கும் மத சண்டைக்கும் அது போதும்.

அடுத்தவர் பக்கம் நின்று பார்ப்பதால் சிப்பாயின் தியாகம் குறைந்துவிடாது. ஏன் உயிரை கொடுத்தார் என்பது அப்போதுதான் புரியும்.

வேலூரில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. செத்த ஆங்கிலேயர்களின் கல்லறையும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஒரு நாள் பாட புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போனால் என்ன?

கேள்வியை அவர்களே கேட்பார்கள்!