தூங்கியவன் செய்த அஜாக்கிரதை

போன செவ்வாய்க்கிழமை பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடையில் ஒரு பெரியவர் தீர்ப்பு வழங்கினார். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பவர் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஒடிசாப் பையன், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெரியவர் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மெஷினா வந்து விரலைக் கடிச்சது? இவன்தானே கொண்டுபோய்க் குடுத்தான். கவனம் வேணாமா?" சுற்றியிருந்த நாலு தலையும் ஆடின. எனக்கு அதற்கு மேல் டீ இறங்கவில்லை.

நான் ஒன்றுதான் கேட்டேன். உப்பரபாளையம் ஞாபகம் இருக்கிறதா ஐயா?

இல்லை. எப்படி இருக்கும்? 2014 ஜூலை 6, ஞாயிறு அதிகாலை. நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான், செங்குன்றம் பக்கம். மழையில் ஊறிய ஒரு தனியார் கிடங்கின் மதில், அதை ஒட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள்மேல் சாய்ந்தது. 11 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள்தான் அதிகம். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்குகிறவன் என்ன அஜாக்கிரதை செய்வான்? ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா? ஒரு கண்ணை மூடாமல் மதிலைப் பார்த்துக்கொண்டே குறட்டை விட்டிருக்க வேண்டுமா?

"அது வேற, இது வேற" என்றார் பெரியவர். என்ன வேறு? பிரஸ்ஸுக்கு வருவோம். இரண்டு கைக்கும் தனித்தனிப் பட்டன் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் டை என்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்கும்போது உள்ளே நசுங்க எதுவும் இருக்காது. ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தியபடி வைத்துவிட்டால் ஒரு கையாலேயே ஓட்டலாம், பீஸ் வேகமாக விழும். டேப்பை ஒட்டியது ஆபரேட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டித் தினம் பத்து முறை நடக்கும் சூப்பர்வைசருக்குக் கண் இல்லையா? டார்கெட் போர்டில் எண்ணை எழுதியது யார் கை? மறுநாள் பேப்பரில் "எதிர்பாராத விதமாக இயந்திரத்தில் கை சிக்கியது" என்று வரும். டேப் ஒட்டிய பட்டனில் எதிர்பாராதது எது என்று எந்த நிருபராவது எனக்கு விளக்கட்டும்.

சட்டத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளியின் உடல்நலமும் பாதுகாப்பும் தொழிற்சாலையைக் கையில் வைத்திருக்கும் 'ஆக்குபையர்' தலையில். கம்பெனி என்றால் ஆக்குபையர் அதன் இயக்குநர்களில் ஒருவர். மேனேஜரைக் காட்டி நழுவ முடியாது என்று ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீட்டிலும் அப்படித்தான். குடித்திருந்தான், வேண்டுமென்றே மெஷினின் பாதுகாப்புக் கார்டைக் கழற்றினான் என்றெல்லாம் முதலாளி வாதாடலாம். ஆனால் ஆள் செத்துவிட்டாலோ நிரந்தரமாக முழு முடமாகிவிட்டாலோ அந்த வாதமும் செல்லாது. வெறும் 'கவனக்குறைவு' அந்தப் பட்டியலிலேயே கிடையாது. டீக்கடையில் மட்டும்தான் அது செல்லுபடியாகும். "கான்ட்ராக்ட் ஆளு, எங்க ரோல்ல இல்ல" என்பதும் அதே ரகம். முதன்மை முதலாளி முதலில் காசைக் கொடுக்க வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அவற்றில் ஒன்றின்படி, முதலாளி கடமை தவறி உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே தொகுப்பு, மின்சாரத்தில் ஓடும் பட்டறையைத் தொழிற்சாலை என்று சொல்ல 10 பேர் போதும் என்றிருந்ததை 20 ஆக்கிவிட்டது. பத்தொன்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் விரல் முளைக்குமா என்ன?

இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், அந்தப் பக்கம் தேர்வாய்க்கண்டிகை. வேன் வேனாக ஆட்கள் போகிறார்கள். மார்ச் 4 பாதுகாப்பு தினம் வந்தால் உறுதிமொழியும் லட்டும் உண்டு. கேட்டில் "பாதுகாப்பு உங்கள் கையில்" என்று பேனர். எந்தக் கையில், பட்டனில் இருக்கும் கையிலா, டைக்குள் போன கையிலா? ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் தவறாமல் உடையும், கார்டு மட்டும் ஸ்டோர் ரூமில் தூங்கும். ஆடி மாதம் வேப்பஞ்சேலை கட்டிப் பெரியபாளையம் பவானியம்மனைச் சுற்றி வருகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அம்மனுக்கு முதலாளிமார் கொஞ்சம் வேலையைக் குறைக்கலாம் என்கிறேன்.

இதில் இன்னொரு அசிங்கம், அடிபட்டவன் வெளிமாநிலத்துக்காரன் என்றால் நம் தலை இன்னும் வேகமாக ஆடுகிறது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்களே, அசாம்காரர்கள்தான் அதிகம். அங்கேயும் ஒன்பது பேரும் ஒரே நொடியில் சேர்ந்து கவனம் தப்பினார்களா? உப்பரபாளையத்தில் பதினொரு பேர் சேர்ந்து அஜாக்கிரதையாகத் தூங்கியது போல?

பெரியவர் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். உங்கள் ஊர் டீக்கடையிலும் ஒருவர் இருப்பார். அவர் "கவனம் வேணாமா" என்று ஆரம்பித்ததும், எந்தப் பட்டனில் டேப் இருந்தது என்று கேளுங்கள். பையன் பெயரில் இ.எஸ்.ஐ. பதிவு எந்தத் தேதியில் போட்டார்கள், விரல் போவதற்கு முன்பா பிறகா என்பதையும் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.