டப்பா ஒளியட்டும், ஆள் ஒளிய வேண்டாம்

ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் சுருக்கமான பதில்: பெரியவர்கள் விளையாடும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு துரும்பை ஒளித்துவைத்துவிட்டு எதிரில் இருப்பவரைக் கண்டுபிடிக்கச் சொல்வோமே, அதே ஆட்டம்தான். மணல் மேட்டுக்குப் பதில் பூமி உருண்டை, துரும்புக்குப் பதில் ஒரு டப்பா, கைக்குப் பதில் ஜிபிஎஸ். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தன் புனைபெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, பணம் கிடையாது. "இதுக்கா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு அலாரம் வச்சீங்க?" என்று வீட்டம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான் :-)

கொஞ்சம் வரலாறு. பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நீங்கள் நிற்கும் இடத்துக்கும் கருவி காட்டும் இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். 2000 மே 2-ஆம் தேதி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்குப் பக்கத்தில், டேவ் உல்மர் என்பவர் ஒரு பக்கெட்டை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் ஜியோகேச்சிங் என்ற பெயரும், செப்டம்பரில் 75 டப்பாக்களின் பட்டியலோடு ஜியோகேச்சிங்.காமும் வந்துவிட்டன. இன்றைக்கு உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

நிற்க. நான் பிழைப்புக்காக வந்து குடியிருப்பது புனே. இந்த ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ரொம்பக் குறைவு. இருக்கிற கொஞ்சப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. ஒரே டப்பாவின் நோட்டில் எனக்கு மேலே ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த டப்பாவிலும் அதே பெயர். மூன்றாவதிலும். இரண்டு வருடமாக ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறோம்; ஆனால் ஆள் கறுப்பா சிவப்பா தெரியாது. ரயில் பெர்த்தில் பக்கத்தில் உட்காருபவரிடம் பத்தாவது நிமிடத்தில் சம்பளம் கேட்கும் நாட்டில் இது கொஞ்சம் அநியாயம் இல்லையா?

என் கட்சி இதுதான். நம் ஊர்களில் இது தனி ஆள் விளையாட்டாக இருக்கும்வரை உருப்படாது. புதுசாக ஒரு டப்பா ஒளித்துவைப்பதற்கு முன்னால், அதே ஊரில் இருக்கும் நாலு பேர் நேரில் சந்தித்துப் பேச வேண்டும். மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதல் காரணம், அனாதை டப்பாக்கள். டப்பா வைத்தவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி. சுற்றுலா வந்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவதை, பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் இல்லாவிட்டால், பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் நம் ஊர்களுக்கு வேலை விஷயமாக வருபவர்கள் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மழைக்காலம் வருகிறது. சயாத்ரிப் பக்கத்து மழை எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடி திறந்து, நோட்டு கூழாகி, டப்பா ஓடையோடு போய்விடும். அடுத்து வருபவர் ஒரு மணி நேரம் கல்லைப் புரட்டிவிட்டு "கிடைக்கவில்லை" என்று பதிந்துவிட்டுப் போவார். அதற்கடுத்தவர் வரவே மாட்டார். புதுசாக ஆர்வத்தோடு வரும் பையன் முதல் மூன்று முயற்சியிலும் வெறுங்கையோடு திரும்பினால், நாலாவது தடவை சினிமாவுக்குப் போய்விடுவான். உள்ளூரில் நாலு பேர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் "நான் கிளம்பறேன், இதை நீங்க பாத்துக்குங்க" என்று ஒப்படைக்கலாம். வாடகை வீடு காலி செய்யும்போது காஸ் சிலிண்டரைக் கைமாற்றிவிடுவது மாதிரிதான்.

இரண்டாவது காரணம், சந்தேகம். இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். 2010 பிப்ரவரி 13 அன்று இந்த ஊரின் கோரேகாவ் பார்க் பகுதியில் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையில் இருந்த குண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று ஜங்லி மகாராஜ் ரோட்டில் அடுத்தடுத்துக் குண்டுகள். "கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்" என்று ரயில் நிலையத்தில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பூங்கா பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு டப்பாவை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்ப வைக்கும் ஆளைப் பார்த்தால் என்ன தோன்றும்? அமெரிக்கக் காட்டுக்கு எழுதிய விதியை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அந்த விதிப்புத்தகமே சொல்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

அந்தச் சந்தேகம் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மொழி பேசுபவர் இரண்டு வார்த்தையில் விளக்கிவிட்டுப் போவார். என்னைப் போல மராத்தியைத் தட்டுத்தடுமாறிப் பேசுபவன், அதற்கும் மேலே பெயரைக் கேட்டதும் எதிராளியின் முகம் மாறிவிடும் நிலைமையில் இருப்பவன், அவ்வளவு சுலபமாகக் கழன்றுகொள்ள முடியாது. இன்னொன்று: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் மலையேறுபவர்கள் அதைச் சாதாரணமாகப் பையில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். இங்கே வந்து இறங்கும் ஆர்வலருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? முன்னாலேயே தெரிந்த ஒரு உள்ளூர் ஆள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இந்த ஆட்டத்தில் சேராத பொதுமக்களுக்கு 'மகிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாத சாமானியர்களுக்கான பெயர். மகிள் பார்க்காத நேரம் பார்த்து எடு, மகிள் வந்தால் செல்போன் பேசுவதுபோல் நடி என்றெல்லாம் புதியவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். விளையாட்டுக்குச் சரி. ஆனால் ஒரு ஊருக்குப் பிழைக்க வந்தவன் அந்த ஊர்க்காரர்களையே "தெரியாத கூட்டம்" என்று ஒதுக்கி ஒளிந்து விளையாடுவது எனக்கு ஒட்டவில்லை. நாமே இங்கே விருந்தாளிகள், சாமி!

வேதாள் டேக்டி என்று இங்கே ஒரு குன்று. மராத்தியில் டேக்டி என்றால் சிறு குன்று. உச்சியில் வேதாளத்துக்குக் கோயில். (முருங்கை மரம் இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன்.) விடியற்காலையில் புனேக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடக்கும் இடம். ஒரு நாள் புதருக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தபோது, குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் நின்று "காய் ஷோததாய்?" என்றார். காய் என்றால் மராத்தியில் 'என்ன'. என்ன தேடுகிறாய் என்று கேட்கிறார். செல்போன் பேசுவதுபோல் நடிக்காமல், "காகா, ஒரு டப்பா" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். பத்து நிமிடம் கேட்டார். பிறகு, மழைநீர் தேங்குவதற்காக அங்கே வாய்க்கால் வெட்டியபோது கற்களை எல்லாம் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டார்கள் என்று கையைக் காட்டினார். அங்கேதான் இருந்தது. என் கருவி ஐந்தாறு மீட்டர் வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் குன்றில் முப்பது வருடமாக நடப்பவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரிந்திருந்தது. 2023-ல் அந்தக் குன்றைக் குடைந்து போடவிருந்த சாலைத் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் இந்த மாதிரி நடைக்காரர்கள்தான். இவர்களையா நாம் மகிள் என்று சொல்லி ஒளிவது?

சரி, எப்படிச் சந்திப்பது? பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். இந்த ஆட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. டப்பாவுக்குப் பதில் ஒரு இடத்தையும் நேரத்தையும் அறிவித்து மனிதர்களைக் கூட்டுவதும் ஒரு வகைக் 'கேஷ்'தான். குறைந்தது அரை மணி நேரம் நடக்க வேண்டும், இரண்டு வாரம் முன்னால் அறிவிப்புக்கு அனுப்ப வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம். 2001-லேயே டெக்சாஸில் தொடங்கிவிட்டார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் கூடுவதற்கு 'கிகா' என்று பெயர். 2014-ல் ஜெர்மனியின் ம்யூனிக்கில் அப்படி நடந்தது. நமக்கு ஐந்து பேர் போதும்.

நாங்கள் அப்படித்தான் ஒரு நவம்பர் ஞாயிறு காலை கூடினோம். வந்தவர்கள் ஆறு பேர். பணி ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர், சாக்கனில் கார் தொழிற்சாலை வேலைக்கு வந்திருக்கும் ஜெர்மன்காரர் ஒருவர், தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்த ஒரு கல்லூரி மாணவி, இப்படி. இரண்டு வருடமாக எனக்கு மேல்வரியில் கையெழுத்துப் போட்டவர் அந்த ராணுவக்காரர்தான்!

அந்த மாணவி சொன்ன ஒரு விஷயத்துக்காகவே கூடியது தகும். ஒவ்வொரு டப்பாவுக்கும் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம், போய்ச்சேரும் பாதை எவ்வளவு கரடுமுரடு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு மதிப்பெண் உண்டு. "நீங்க எல்லாம் ஒண்ணரைன்னு போட்டிருக்கற அந்தப் பழைய குவாரி இடம், தனியா போற பொண்ணுக்கு அஞ்சு" என்றார். மேசையைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. வருடக்கணக்கில் அந்த நோட்டில் ஆண்கள் பெயராகவே இருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. நோட்டில் வந்தவர்கள் பெயர்தான் இருக்கும். வர முடியாதவர்கள் நேரில் வந்து சொன்னால்தான் தெரியும்.

அன்றைக்கு மூன்று விஷயம் முடிவானது. செத்துப்போன டப்பாக்களைப் பட்டியலிட்டு ஆளுக்கு ஒன்றாகப் பார்த்துக்கொள்வது. கூட்டம் நெரியும் இடங்கள், கோயில், ரயில் நிலையம் பக்கம் டப்பாவே வைப்பதில்லை. மூன்றாவது, டப்பா இல்லாத எர்த்கேஷ்களை அதிகப்படுத்துவது. இது 2004-லிருந்து இருக்கும் வகை. ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை. அந்த இடத்தின் பாறையையும் மண்ணையும் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கண்டுபிடித்த கணக்கு. புனேயே எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தக்காணத்தில் ஏறக்குறைய ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் வழிந்த குழம்பு. ஊர் நடுவே பாதாளேஸ்வரர் குடைவரைக் கோயில் அந்தப் பாறையில் குடைந்ததுதான். மாமல்லபுரத்துக் கருங்கல்லோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு காலை நேரத்துக்குப் போதும். டப்பா இல்லை, ஆகவே திருட்டு இல்லை, வெடிகுண்டு பயமும் இல்லை.

"நான் மனுஷங்ககிட்டேர்ந்து தப்பிக்கத்தான் குன்றுக்கே போறேன், அங்கேயும் மீட்டிங்கா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வாரம் முழுக்க ஆபீஸ் மீட்டிங்கில் வேகும் எவருக்கும் வரும் கேள்வி. யாரும் தனியாகப் போவதைத் தடுக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை அரை மணி நேரம் வாருங்கள், பிறகு உங்கள் காடு, உங்கள் பாதை. ரகசியம் போனால் சுவாரசியம் போய்விடும் என்பது இன்னொரு வாதம். கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் ஒளித்தவர் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பார். அதனால் ஆட்டம் கெட்டதா என்ன? அவர் முகத்தைப் பார்த்து ஊகிப்பதில்தான் பாதி சுவாரசியம்.

ஆகவே, டெல்லியிலோ ஹைதராபாத்திலோ அகமதாபாத்திலோ இந்தக் கிறுக்கோடு தனியாக அலையும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் டப்பாவின் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பகல் நேரம், பொது இடம், குடும்பத்தோடு வரலாம் என்று தெளிவாக எழுதிக் கூப்பிடுங்கள். எத்தனை கண்டுபிடித்தாய் என்று முதலில் கேட்காதீர்கள். புதியவர்கள் அதிலேயே சுருங்கிவிடுவார்கள். பூங்காத் தோட்டக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு சாக்கு மூட்டையும் எடுத்துப் போங்கள். தேடும் வழியில் குப்பை பொறுக்கிக்கொண்டு வருவது 2002-லிருந்தே இந்த ஆட்டத்தின் பழக்கம். கையில் குப்பை மூட்டையோடு குனிபவரை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பது கூடுதல் லாபம் :-)

மழை நின்று புல் காய்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் என்றால் கடைசியில் மிசல் பாவ் என் செலவு. காரம் தாங்காதவர்கள் தயிர் வாங்கிக்கொள்ளலாம்.