ஒற்றை நகரின் வெற்றி

கணினி விளையாட்டு என்றாலே மண்ணாசையின் பயிற்சிக்கூடம் என்று இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். சான்றாக 'சிவிலைசேஷன்' வரிசையைக் காட்டுகிறார்கள். சித் மையர் 1991இல் தொடங்கிவைத்த அவ்விளையாட்டில் குடியேறிகளை அனுப்பி ஊர்மேல் ஊராக நிறுவுவதே வழக்கம் என்பது மெய்தான். ஆனால் ஒரே நகரை வைத்துக்கொண்டு வெல்வதும் அதில் ஒரு மரபு. 2005இல் வந்த நான்காம் பதிப்பு அதைத் தனி விதியாகவே சேர்த்தது. 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ ஊர்கள் பெருகப் பெருகப் பண்பாட்டுக் கொள்கைகளின் விலை ஏறும். ஒற்றை நகரத்தானுக்கே அவை மலிவு.

அவனுக்குச் சுற்றியுள்ள 36 கட்டங்களே உலகம். ஒன்றைப் பாழாக்கினால் ஈடுகட்ட வேறு ஊர் இல்லை. பெரும்பாலும் அவன் வெல்வது படையால் அல்ல. பண்பாட்டால், அல்லது அறிவியலால். இதுவா மண்ணாசை?

இதைப் பழிப்பவர்கள் கூடிப் பேசும் தியாகராய நகர், 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. அத்துடன் நின்றோமா? 1976இல் குறளாசானுக்கு எடுத்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. இடம் போதாதபோதெல்லாம் நீரின்மேல் குடியேறிகளை அனுப்பியவர்கள் நாம். அதற்கு வளர்ச்சி என்று பெயரும் சூட்டினோம்.

நான் சொன்ன அவ்விரு பதிப்புகளிலும் ஏரியைத் தூர்க்கும் கட்டளையே கிடையாது. அதைக் கண்டுபிடித்தவர்கள் விளையாடத் தெரியாத நாம்தான்.