மேசன் பாஸ் எங்கே போனார்?

கொழும்பு குவாரி வீதிக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். ஆணி, கம்பி, குழாய், பெயின்ட் என்று கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரில் கட்டடம் எழும்பினால் இந்த வீதிக்குச் சோறு. கட்டடம் நின்றால் வீதிக்கும் பட்டினி!

2022-இல் அதுதானே நடந்தது? ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை விரித்தது. சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாயைத் தொட்டது. வங்கி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது. கட்டுநாயக்க விமான நிலையத்தின் இரண்டாவது முனையம்கூட பாதியில் நின்றது.

அதிவேகப் பாதைக் கூத்தைக் கேளுங்கள். மீரிகமவிலிருந்து குருநாகல் வரை 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். கொழும்பு ஆட்கள் அங்கே போய் ஏறவேண்டிய கடவத்தை–மீரிகம துண்டு, சுமார் 37 கிலோமீற்றர், படுத்துவிட்டது. தலைவாசல் கட்டாமல் கொல்லைப்புறத்தைக் கட்டின கதை! 2025 செப்டெம்பரில்தான் சீனக் கடனோடு வேலை மறுபடி ஆரம்பமானது.

நாடு நிமிர்கிறது, மறுக்கவில்லை. 2024-இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. ஜப்பானும் நிறுத்தி வைத்த 11 திட்டங்களுக்கு அந்த ஆண்டே பச்சைக்கொடி காட்டியது. பெரிய கம்பனிகளுக்கு மூச்சு வந்தாயிற்று. சின்ன ஒப்பந்தக்காரருக்கு?

பாடசாலைக்கு ஒரு மதில், ஒரு மதகு என்று கட்டிக் கொடுக்கிற மனுசன் அவர். கல்லும் மணலும் கடனுக்கு எடுக்கிறார். சனிக்கிழமை வந்தால் மேசனுக்கும் கையாளுக்கும் காசு எண்ண வேண்டும். அதற்குக் கடன் சொல்ல முடியுமா? அரசாங்க பில்லோ மேசைக்கு மேசை ஊர்கிறது. அதற்குள் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போய்விடும். பில் பிந்தினால் அரசாங்கத்துக்கு ஒன்றும் குறையாது. வட்டி கட்டுகிறவர் இவர்தான். குவாரி வீதி முதலாளியின் கடன் கொப்பியில் நிலுவையாக நிற்பதும் இதே பணம்தான்.

மேசன் பாஸைத் தேடினால் ஆள் இல்லை. 2022-இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். கட்டாரிலும் துபாயிலும் கம்பி கட்டுகிறவரை, இங்கே சனிக்கிழமைச் சம்பளமே நிச்சயமில்லாத வேலைக்கு வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இந்த நிலையில்தான் 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தது. 600-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பாலம், ரயில் பாதை, வீடு எல்லாம் சரிந்தன. முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 லட்சம் ரூபாய் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம்தான். மலையில் லயத்து அறையை இழந்தவருக்கு முதலில் மண்சரிவு அபாயமில்லாத காணி வேண்டுமே? காணி கிடைத்தாலும் கட்டுவது யார்? அந்தந்த ஊர்ச் சின்ன ஒப்பந்தக்காரர்தான்.

ஆகவே திறைசேரி ஐயாமாருக்கு ஒன்று சொல்கிறோம். பில் கட்டும்போது பெரிய தொகையிலிருந்து கீழே வராதீர்கள். சின்ன பில்களை முதலில் தீருங்கள். பிந்தினால் வட்டியும் சேர்த்துக் கொடுங்கள். மலையில் அடுத்த மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்.