சின்னப் படத்துக்குப் பெயரே விளம்பரம்

பெரிய நட்சத்திரம் நடித்த படத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் கூட்டம் வரும். சுவரொட்டியில் இருக்கும் முகமே போதும். கைக்காசைப் போட்டு எடுக்கும் சுயேச்சைப் படத்துக்கு அந்த வசதி கிடையாது. மெஜஸ்டிக் பக்கம் நடந்து போகிறவர் படத்தின் பெயரைப் படிப்பார். பிடித்தால் நிற்பார், இல்லாவிட்டால் போய்விடுவார். ஆகவே, பெயரைக் கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது தவறு.

கன்னடத் திரையுலகமே இதற்கு நல்ல பாடம். யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவலைப் பட்டாபிராம ரெட்டி 1970-ல் படமாக்கினார். பெயர் 'சம்ஸ்காரா'. அக்கிரகாரத்தில் ஒருவர் இறந்து கிடக்கிறார். ஆசாரத்தை மீறி வாழ்ந்த அவருக்கு ஈமக்கடனைச் செய்வது யார் என்பதே கதை. அந்தச் சொல்லுக்கு ஈமக்கடன் என்றும் பொருள், பண்பாடு என்றும் பொருள். இரண்டும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. தேசிய விருதில் முதற்பரிசு பெற்றது அந்தப் படம். 1976-ல் நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜனும் பெயரை மாற்றவில்லை; துணைத் தலைப்பாக ஒரு விளக்கம் சேர்த்ததோடு சரி.

ராம் ரெட்டியின் 'திதி' (2015) இன்னோர் உதாரணம். மண்டியா மாவட்டத்துக் கிராமவாசிகளே நடித்த படம். நூறு வயதைத் தாண்டிய கிழவர் இறந்த நாள் முதல் பதினோராம் நாள் சடங்கு வரை கதை நடக்கிறது. பெயரே கதையின் கெடுவையும் சொல்லிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவுக்குப் போய்ப் பரிசு வாங்கியபோதும் அதன் பெயர் 'திதி'தான்.

அதற்காகப் புரியாத பெயரே கூடாது என்பதில்லை. பவன்குமார் பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்த 'லூசியா' (2013), கதையில் வரும் மாத்திரையின் பெயர். அர்த்தம் தெரியாவிட்டாலும் கேட்டவருக்கு அந்த ஒரு படம்தான் நினைவுக்கு வரும். அதுவே 2015-ல் தமிழுக்கு வந்தபோது 'எனக்குள் ஒருவன்' ஆயிற்று. நல்ல தமிழ், கதைக்கும் பொருந்துகிறது. ஆனால் 1984-ல் கமல்ஹாசன் நடித்த மறுபிறவிக் கதைக்கும் அதே பெயர். மறுபிறவிக்கும் கனவுக்கும் ஒருசேரப் பொருந்துகிற பெயர், எந்தப் படத்துக்கும் தனி அடையாளம் ஆகாது. பழைய படம் பெரிய நடிகருடையது என்றால், தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுவே.

சட்டத்தை நம்பியும் பயனில்லை. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் 'தேசி பாய்ஸ்' வழக்கில் கூறிவிட்டது.

பெங்களூரில் தமிழ்ப் படம் எடுக்க முனையும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கதை நடக்கும் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொல்லைத் தேடட்டும். படத்தைப் பார்க்காத நாலு பேரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். வேறு படத்தின் நினைவு அவர்களுக்கு வருமானால், பதிவு செய்வதற்கு முன்பே அந்தப் பெயரைக் கைவிடுவது நல்லது.