எழுபது வளைவும் ஒரு பழைய க்ரூஸரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரவள்ளி அடிவாரத்தில் போய் நின்றால் போதும், டிக்கெட் இல்லாமல் ஒரு பைக் கண்காட்சி பார்க்கலாம். நாமக்கல், சேலம், திருச்சி, ஈரோடு என்று எல்லா ஊர்ப் பையன்களும் கொல்லிமலை ஏற வந்து நிற்பார்கள். புது வண்டிகளை யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டம் கூடுவது ஏதாவது ஒரு பழைய அவெஞ்சரையோ தண்டர்பேர்டையோ சுற்றித்தான். பின் மட்கார்டைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். ஹேண்டில்பார் மாட்டுக் கொம்பு மாதிரி மேலே நிற்கும். டேங்க் பளபளப்பு இல்லாத கறுப்பில் இருக்கும். சைலன்ஸர்... அதைச் சொல்லவே வேண்டாம், வண்டி வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே சத்தம் வந்துவிடும். "மச்சி, எங்கடா ஆல்டர் பண்ணே? எவ்வளவு ஆச்சு?" என்ற கேள்வி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காதில் விழும்.

வண்டி அழகா இல்லையா என்பதற்கு அந்த இடத்திலேயே மார்க் போட்டுவிடுவார்கள். ஆனால் அங்கிருந்து சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவை போடுகிற மார்க் வேறு.

முதலில் ஆல்டர் பண்ணுகிறவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பஜாஜும் கவாஸாகியும் சேர்ந்து 2001ல் விட்ட எலிமினேட்டர் 175, அதற்குப் பின்னால் வந்த யமஹா என்டைஸர், 2002ல் ராயல் என்ஃபீல்டு விட்ட தண்டர்பேர்டு, 2005ல் எலிமினேட்டர் உடம்பில் பல்ஸர் 180 எஞ்சினை வைத்து வந்த முதல் அவெஞ்சர்... இவையெல்லாம் ஹார்லி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹார்லி மாதிரி சாய்ந்து உட்காரக் கிடைத்த வண்டிகள். அப்பாவோ மாமாவோ ஓட்டி, ஷெட்டில் தூசி படிந்து கிடந்ததை இப்போது பையன் வெளியே எடுக்கிறான். பக்கவாட்டு மூடி உடைந்திருக்கிறது, ஒரிஜினல் ஸ்பேர் கிடைக்கவில்லை, சீட் கிழிந்துவிட்டது. பட்டறைக்குப் போனால் "தம்பி, இதுக்கு எதையாவது மாத்திதான் ஆகணும்" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது பொய்யில்லை. பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போடாமல் ஓட வைக்கிறவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குறை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், "எதையாவது மாத்து" என்பது "எல்லாத்தையும் மாத்து" என்று ஆகும்போது.

இந்த அழகுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் வண்டிகளில் முன் மட்கார்டைக் கழற்றிப் போட்டு, பின் மட்கார்டை வெட்டி எடையைக் குறைத்தார்கள். அது பாபர். பிறகு முன் ஃபோர்க்கை நீளமாக்கி, ஹேண்டில்பாரை உயர்த்தியதும் சாப்பர் ஆயிற்று. 1969ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் அமெரிக்கக் கொடி டேங்க்கோடு வருகிற வண்டி அப்படிப்பட்டதுதான். அதை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பின மெக்கானிக்குகள். ரொம்ப காலம் அவர்கள் பெயரே வெளியில் வரவில்லை (அது தனியாக ஒருநாள் பேச வேண்டிய அநியாயம்). நமக்கு இங்கே முக்கியமான விஷயம், அந்த வண்டி ஓடிய ரோடு. அடிவானம் வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிற ரோடு. அந்த ரோட்டுக்குத் தைத்த சட்டையை நாம் கொல்லிமலையில் போட்டுக்கொண்டு ஏறுகிறோம்.

ஃபோர்க்கை நீளமாக்கினால் வண்டியின் மூக்கு உயரும், முன்சக்கரம் தள்ளிப் போகும். நேர் ரோட்டில் வண்டி கல் மாதிரி நிற்கும், உண்மைதான். ஆனால் மெதுவாக, முழு ஹேண்டிலும் ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் விழப் பார்க்கும். திரும்ப அதிக இடமும் கேட்கும். மலை ஏறும்போது எடை எப்படியும் பின்பக்கம் போகிறது, முன்சக்கரம் இன்னும் லேசாகிவிடும். அதிக இடம் கேட்கிற வண்டிக்கு அந்த வளைவில் இடம் எங்கே இருக்கிறது? எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே செம்மேட்டிலிருந்து அரசு பஸ் இறங்கி வந்துகொண்டிருக்கும். மலை ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது விதி. பஸ் டிரைவர்களும் பெரும்பாலும் நின்று விடுவார்கள். நின்ற பஸ் மேலேயே போய் இடித்தால் விதி என்ன செய்யும்?

தாழ்ந்த வண்டி என்றால் தனி கெத்து என்று பின் ஷாக்கை ஒரு இன்ச் இறக்குகிறார்கள். க்ரூஸரில் கால் வைக்கிற கம்பி ஏற்கனவே முன்னால் தள்ளி, தாழ்வாகத்தான் இருக்கிறது. வலது பக்கம் சைலன்ஸர் வேறு. வலது வளைவில் கொஞ்சம் சாய்த்தால் முதலில் தரையைத் தொடுவது அந்த இரும்புதான். பொறி பறப்பதை வீடியோ எடுத்துப் போட்டால் லைக் அள்ளும். ஆனால் இரும்பு தரையில் ஊன்றிக்கொண்டால் பின் டயருக்குத் தரையில் இருக்கிற பிடி குறையும், வழுக்கும். அகல டயர் கதையும் இதே மாதிரிதான். அவெஞ்சருக்குக் கம்பெனி கொடுத்த பின் டயர் 130/90-15. அதே ரிம்மில் இன்னும் பெரியதைத் திணித்தால் டயரின் உருண்டை வடிவம் கெட்டு, சாய்க்கும்போது ஒரு இடத்தில் தயங்கி, திடீரென்று விழுகிற மாதிரி இருக்கும்.

சைலன்ஸர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. "சத்தம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு நாம் வருவது தெரியும், அதுதான் பாதுகாப்பு" என்று அமெரிக்காவில் ஒரு வாதம் ரொம்ப நாளாக உண்டு, நம் பையன்களும் அதை அப்படியே சொல்கிறார்கள். கொல்லிமலையில் இது தலைகீழ். கண்ணுக்குத் தெரியாத வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று சொல்வது ஹாரன் ஒன்றுதான். உள்ளே இருக்கிற தடுப்பைப் பிடுங்கிய சைலன்ஸர் போடுகிற கூச்சலில் பஸ்ஸின் ஹாரன் முதலில் கேட்காமல் போவது அந்த வண்டியை ஓட்டுகிறவனுக்குத்தான்! 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, தயாரிக்கும்போது 80 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று விதியே இருக்கிறது. தவிர, மலை மேலே இருப்பது வெறும் வியூ பாயிண்ட் இல்லை. மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைவிக்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. ஒரு வண்டியின் சத்தம் பத்து வளைவுக்குக் கேட்கிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது நமக்கு மட்டும்தானா?

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, கம்பெனி சொன்ன அடிப்படை அமைப்பிலிருந்து வேறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். காமர்ஸ் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுக் கொள்ளலாம் :-) அதோடு, சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அதைக் காட்டியே பணம் தராமல் இழுத்தடிக்க வாய்ப்புண்டு.

ஒரு சின்ன சமாச்சாரம், ஆனால் மனசை உறுத்துவது. ஒற்றை சீட் லுக்குக்காக முதலில் கழற்றி எறிவது பின்னால் உட்காருகிறவர் பிடிக்கிற கைப்பிடியையும், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்த கார்டையும்தான். இரண்டுமே இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பிறகு அதே வண்டியில் அம்மாவையோ புது மனைவியையோ ஒருக்களித்து உட்கார வைத்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 70 வளைவுக்கும் அவர் எதைப் பிடித்துக் கொள்வார்? வண்டி யாருக்காக அழகாக இருக்கிறது என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது.

அப்படியென்றால் கை கட்டிக்கொண்டு கம்பெனி வண்டியாகவே ஓட்ட வேண்டுமா? தேவையே இல்லை. பழைய க்ரூஸரை அழகாக்க ஏகப்பட்ட இடம் இருக்கிறது. பெயிண்ட் இருக்கிறது. துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, நல்ல டிங்கரிங் பெயிண்டர் கையில் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. (நிறமே மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.) சீட்டுக்கு நல்ல ஃபோம் வைத்து, கையால் தையல் போட்ட உறை மாட்டலாம். மங்கிப்போன குரோமுக்கு மறுபடி முலாம் போடலாம். ஸ்போக் வீல் என்றால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாலே வண்டி இளைத்த மாதிரி தெரியும். எஞ்சினைக் கழுவி, கேஸைப் பாலிஷ் போட்டு நிறுத்தினால், மேட் கறுப்பு அடித்ததை விட அது பத்து மடங்கு கம்பீரம். இதில் எதுவும் வளைவைத் தொடுவதில்லை.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு மூட்டையில் கட்டி வைக்க வேண்டும், இது மட்டும் கண்டிப்பு. அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் வண்டி வருஷா வருஷம் தேய்மானம் ஆகிக்கொண்டே போகும். ஆனால் முழுசாக இருக்கிற பழைய எலிமினேட்டரைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய மட்கார்டை ஒட்ட முடியாது.

ஹேண்டில்பாரை மட்டும் கொஞ்சம் உயர்த்தியே தீருவேன் என்பவர்கள், ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றையும் சேர்த்தே நீளமாக்க வேண்டும். செய்தாரா இல்லையா என்று மெக்கானிக்கைக் கேட்பதை விட வண்டியையே கேட்கலாம். காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தும்போது நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக ஒடித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திருப்பும்போது தானாக ஏறினால் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி முதல் வளைவிலேயே கை கொடுக்காமல் தானாக ரேஸ் ஆகும். டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். வளைவு எங்கேயும் போகாது, அடுத்த ஞாயிறும் அங்கேயேதான் இருக்கும்.